வீரம்மா அனுப்பிய எண்பது மூட்டை

"சார், சனிக்கிழமை தாண்டுனா நான் பொறுப்பில்ல" என்றார் ராசாங்கம் கொத்தனார், சென்டரிங் பலகையின் மேல் நின்றபடி.

கீழே நின்ற மணிவண்ணன் இதைக் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். கம்பி கட்டி முடிந்துவிட்டது. ஜல்லி வந்துவிட்டது, மணல் வந்துவிட்டது, தண்ணீர்த் தொட்டியும் நிரம்பிவிட்டது. கூரைக் கான்கிரீட்டுக்கு வேண்டிய எண்பது மூட்டை சிமென்ட் மட்டும் அரியலூர் டிப்போவில் இருந்தது. முழுப் பணமும் கட்டி, பில்லை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டிருந்தார் அவர். ஆனால் 2003-ஆம் வருஷச் சித்திரை பிறந்த அன்றைக்கே நாடு முழுக்க லாரி ஸ்டிரைக் ஆரம்பிக்கும் என்று அவர் கனவா கண்டார்?

மணிவண்ணன் ஹைஸ்கூல் பி.டி. வாத்தியார். இருபது வருஷம் வெளியூர்களில் விசில் ஊதிவிட்டு, போன வருஷம்தான் குன்னத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். குன்னத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் மனைவி பாக்யலட்சுமியின் சொந்த ஊர். அங்கேதான் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பரீட்சை நேரமானதால் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை இல்லை. அந்த மொத்த நேரத்தையும் கொத்தனாரை மேற்பார்வை பார்ப்பதில் செலவழித்தார். கொத்தனாருக்கு அதனால் என்ன லாபம் என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமையை விடக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. வைகாசிக் கடைசியில் மகள் கலையரசிக்குக் கல்யாணம். புது வீட்டில்தான் தாலி கட்டு என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கான்கிரீட் போட்டபின் இருபத்தோரு நாள் பலகையைப் பிரிக்கக் கூடாது. அப்புறம் பூச்சு, அப்புறம் வெள்ளை; அதற்கெல்லாம் வேறு ஆள் கிடைக்கும், கான்கிரீட்டுக்குத்தான் ராசாங்கம் வேண்டும். ராசாங்கமோ ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாண மண்டப வேலைக்குப் போகிறார். ஆடியில்தான் திரும்புவார். சனிக்கிழமையை விட்டால் கலையரசி தலைக்கு மேலே ஆகாயத்தை வைத்துக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும்.

"இங்க நின்னு கொத்தனார முறைச்சா சிமென்ட்டு வந்துடுமா?" என்றாள் பாக்யலட்சுமி. "குன்னத்துக்குப் போயி வீரம்மாவப் பாருங்க. அவங்ககிட்ட சொல்லிட்டா எந்தச் சாமானும் போய்ச் சேந்துடும்னு ஊரே சொல்லுது."

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு மணிவண்ணன் குன்னம் பஸ் நிறுத்தத்தில் சைக்கிளை விட்டு இறங்கினார். நிறுத்தத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு தராசு, குட்டையான ஆன்டெனா வைத்த போன். அதற்குப் பின்னால் வீரம்மாள். ஐம்பது வயதிருக்கும். வாசலில் ஒரு பூக்காரி கடை போட்டிருந்தாள். லாரிகளெல்லாம் ரோட்டோரம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வீரம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் கொஞ்சம் மரியாதையோடுதான் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். சின்ன வயதில் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். கூலிக்குக் கம்போ சோளமோதான் கிடைக்கும். அதைக் கொடுத்து உப்பு வாங்க வேண்டும், பருப்பு வாங்க வேண்டும். யார் வீட்டில் எது மிச்சம், யார் வீட்டில் எது முடை என்று தெரிந்து வைத்திருந்தால்தான் அடுப்பு எரியும். அப்படிப் பழகிய தலை அது. இப்போது பெரம்பலூரிலிருந்து மீன்சுருட்டி வரைக்கும் எந்த வீட்டில் என்ன கிடக்கிறது என்பது அந்தத் தலைக்குள் இருந்தது. எழுதி வைப்பதில்லை. எழுதியதைத் தேடுகிற நேரத்தில் இரண்டு போன் பேசிவிடலாம் என்பார்.

மணிவண்ணன் விஷயத்தைச் சொன்னார். டிப்போ பெயர், பில் நம்பர், மூட்டை எண்ணிக்கை, கான்கிரீட் கலவையின் விகிதம் வரைக்கும் சொன்னார். கடைசியில் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

"வாடகையா?" வீரம்மாள் சிரித்தார். "வாடகை வாங்குறவங்கதான் ஸ்டிரைக்குல இருக்காங்க சார். நான் வாடகையே வாங்குறதில்லையே. உங்க வூட்டுல என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

மணிவண்ணன் யோசித்தார். மனைவியின் காட்டு வெங்காயம் இருந்தது. அடுத்த பட்டத்துக்கு விதைக்கென்று காற்றோட்டமாகப் பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருந்தார்கள். பத்து மூட்டை தேறும்.

"விதை வெங்காயமா. நல்லதாப் போச்சு. அஞ்சு மூட்டை குடுங்க. சனிக்கிழமை விடியறப்ப எண்பது மூட்டையும் உங்க வூட்டுல இருக்கும்."

"எப்படிங்க கொண்டு வருவீங்க? வழியில மறிக்க மாட்டாங்களா?"

வீரம்மாள் பில்லை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஒரே ஒரு விஷயம் சார். வூட்டுக்கு யார் எதக் கொண்டாந்து போட்டாலும் வாங்கி வெச்சுக்குங்க. என் பேரச் சொல்லி யார் வந்து எதக் கேட்டாலும் எடுத்துக் குடுங்க. ஏன், எதுக்கு, எங்கேருந்துன்னு யாரையும் கேக்காதீங்க. அவ்வளவுதான்."

இந்த மூன்றாவது விஷயம்தான் இடித்தது. ஐந்து நிமிஷம் தாமதமாக வரும் பையனை ஐம்பது கேள்வி கேட்டுப் பழகிய மனுஷன் அவர்.

புதன்கிழமை காலையில் சைக்கிளிலும் டி.வி.எஸ். பிஃப்டியிலும் ஆட்கள் வந்தார்கள். வீரம்மா பெயரைச் சொன்னார்கள், ஆளுக்கொரு வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார்கள். மணிவண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது மூட்டை போகும்போது மட்டும் "எங்கப்பா போகுது?" என்று கேட்டுவிட்டார். வந்தவன் சிரித்துவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. சிமென்ட் வந்துவிட்டது என்று வெளியே ஓடினார். வந்தது மூன்று மூட்டை பருத்திக்கொட்டை. மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிப் போடுகிற பருத்திக்கொட்டை.

"நான் சிமென்ட் கேட்டேன்" என்றார் கொண்டுவந்தவனிடம்.

"வீரம்மா எறக்கச் சொன்னாங்க சார்" என்று இறக்கிவிட்டு அவன் போய்விட்டான்.

ஐந்து மூட்டை விதை வெங்காயம் போயிற்று, சிமென்ட் பில்லும் போயிற்று, கையில் மிஞ்சியது பருத்திக்கொட்டை. வீட்டில் மாடும் கிடையாது. ஏமாந்துவிட்டோம் என்று மணிவண்ணன் முடிவு கட்டினார். முடிவு கட்டியதும் வழி தேட ஆரம்பித்தார். அங்கேதான் வினை பிடித்தது.

பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணுவிடம் நாலு கறவை மாடும், டிரெய்லரோடு ஒரு டிராக்டரும் இருந்தன. நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். கேட்டால்தான் பதில், அதுவும் கேட்டதற்கு மட்டும். மாட்டுக் கொட்டாயை யாருக்கோ சாமான் போட்டுப் பூட்டிக்கொள்ள விட்டுவிட்டு, மாடுகளை வேப்பமரத்தடியில் கட்டியிருந்தார். மணிவண்ணன் அவரிடம் போய், மூன்று மூட்டை பருத்திக்கொட்டையைத் தருகிறேன், டிராக்டரை எடுத்துக்கொண்டு அரியலூர் போய் என் சிமென்ட்டை ஏற்றி வர முடியுமா என்று கேட்டார்.

அய்யாக்கண்ணு பருத்திக்கொட்டையைப் பார்த்தார். மணிவண்ணனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"சிமென்ட்டு எடுக்க அரியலூர் போகணுமா?"

"ஆமாம். வேற எங்க போறது?"

"சரி" என்றார் அய்யாக்கண்ணு.

பருத்திக்கொட்டை சுவர் தாண்டிப் போயிற்று, டிராக்டர் அரியலூர் போயிற்று. மணிவண்ணன் தன் சாமர்த்தியத்தை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிராக்டர் திரும்பி வந்தது. டிரெய்லரில் ஒரு தூசி கூட இல்லை.

"உங்க பில்லுக்கு நேத்து சாயந்தரமே சரக்கு எடுத்துட்டாங்களாம்" என்றார் அய்யாக்கண்ணு.

"யாரு?"

"நாலு மாட்டு வண்டி வந்துச்சாம். திருமழபாடி வண்டி."

மணிவண்ணன் அப்படியே ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். அரியலூருக்கு வடக்கே அவருடைய ஊர். திருமழபாடி தெற்கே, கொள்ளிடக் கரையில். அவருடைய சிமென்ட் அவருக்கு நேர் எதிர்த்திசையில், மாட்டு வண்டியில், நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பாக்யலட்சுமி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்காமலேயே சைக்கிளை எடுத்தார்.

குன்னத்தில் வீரம்மாள் போனில் யாரிடமோ ஒரு ஜோடி கட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மணிவண்ணன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். சிமென்ட்டைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்.

"நேத்தே எடுத்துட்டாங்களா?" வீரம்மாளின் முகம் மலர்ந்தது. "சொன்ன சொல்லக் காப்பாத்துற ஆளுங்க சார் அவங்க."

"அம்மா, அது என் சிமென்ட்."

"உங்க சிமென்ட்டு உங்களுக்கு வரும். அத விடுங்க. டிப்போவுல போயிக் கேட்டது யாரு? யாரையும் எதுவும் கேக்காதீங்கன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேனே."

மணிவண்ணன் டிராக்டர் கதையைச் சொன்னார். பருத்திக்கொட்டையைக் கொடுத்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. வீரம்மாள் முதல் தடவையாக நெற்றியில் கை வைத்தார்.

"அந்தக் கொட்டை அய்யாக்கண்ணுவுக்குத்தான் சார் வந்துச்சு. ஆனா அது வேற விஷயத்துக்கு. நீங்க அத டிராக்டர் ஓட்டுனதுக்குக் குடுத்துட்டீங்க. இப்ப அவருக்குக் குடுக்க இன்னும் மூணு மூட்டை வேணும்."

என்ன விஷயத்துக்கு என்று கேட்க மணிவண்ணன் வாயைத் திறந்தார். வீரம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அந்தம்மா போனை எடுத்தார். பருத்திக்கொட்டைக்காரரோடு பேச்சு ஓடியது. ஏற்கெனவே கொட்டைக்கு மாற்றாக வாங்கிய வெங்காயமே அவருக்குப் போதும்போல் இருந்தது. அவர் அண்ணன் மகள் பிரவீணா போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள், ஓட்டமும் நீளத் தாண்டலும்தான் இடிக்கிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ குறை வந்தது. வீரம்மாள் மணிவண்ணனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு பி.டி. வாத்தியார் இருக்காரு" என்றார் போனில். "ஒரு மாசம். காலையில அஞ்சரை மணிக்கு. ஆளு நல்ல தெம்பாத்தான் இருக்காரு."

அப்படியாக மணிவண்ணனே மூன்று மூட்டை பருத்திக்கொட்டைக்கு மாற்றாகப் போய்விட்டார். வெங்காயத்தோடு வெங்காயமாகத் தன்னையும் எடை போட்டுவிட்டார்களே என்று வழியெல்லாம் அவருக்கு வருத்தம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது வருஷ சர்வீஸில் அவர் வேலைக்கு ஒரு விலை இருக்கிறது என்று நினைத்துப் பேசிய முதல் ஆள் அந்தம்மாதான். அந்த நினைப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு பிரவீணாவை நாலு சுற்று ஓடவிட்டு வீடு திரும்பியபோது வாசலில் ஒரு தையல் மெஷின் நின்றது. கால் மிதியோடு, பலகையோடு, முழு மெஷின். யாரோ ஒரு அம்மா இறக்கிவிட்டுப் போனதாகப் பாக்யலட்சுமி சொன்னாள். இந்தத் தடவை மணிவண்ணன் கெட்டிக்காரராகிவிட்டார். இதையும் யாருக்காவது கொடுத்துத் தொலைக்கக் கூடாது, வீரம்மா சொல்லி வருகிற ஆளிடம் மட்டுமே கொடுக்க வேண்டும், அதையும் ஆளைச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று உறுதி எடுத்தார்.

ஒன்பது மணிக்கு ஒரு ஆள் வந்தார். செல்லமுத்து என்று பெயர் சொன்னார். மேஸ்திரி மாதிரி இருந்தார், இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. "வீரம்மா அனுப்புனாங்க, மெஷின எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றார்.

"வீரம்மா அனுப்பினதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் மணிவண்ணன்.

செல்லமுத்துவுக்குப் புரியவில்லை. வீரம்மா பெயரைச் சொன்னாலே கதவைத் திறக்கிற ஊரில் ஆதாரம் கேட்ட முதல் ஆள் இவர்தான். மணிவண்ணன் ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு மெஷின், யாருக்கு மெஷின், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். முந்தின நாள் கேட்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்துக் கேட்டார். செல்லமுத்து மெஷினின் மேல் கை வைத்ததும், பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதியே விட்டார்.

தெருவே திரும்பிப் பார்த்தது. செல்லமுத்துவின் முகம் சிவந்துவிட்டது.

"நான் திருடன் இல்லைங்க. உங்க மெஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று நடந்தார். சாவிக்கொத்துச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

சாமானைக் காப்பாற்றிவிட்டோம் என்று மணிவண்ணன் நிமிர்ந்து நின்றார். கால் மணி நேரத்தில் தெரு முனைப் பெட்டிக்கடைக்குப் போன் வந்தது. வீரம்மாள்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று மணிவண்ணனுக்குத் தோன்றியது.

"சார், அந்த ஆளு மனசு வெக்கலன்னா உங்க சிமென்ட்டு நகராது. அவரு பொண்டாட்டிக்குத் தையல் மெஷின்னா உசுரு. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டாரு. இப்ப, செத்தாலும் அந்த வாத்தியாருக்கு உதவ மாட்டேன்னு சொல்றாரு."

கூரையில்லாத வீட்டில் கலையரசி மணையில் உட்கார்ந்திருப்பது மணிவண்ணன் கண்ணுக்குள் வந்தது. "நான் என்ன பண்ணணும், சொல்லுங்கம்மா" என்றார். இருபது வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

செய்ய வேண்டியது எளிமையாகத்தான் இருந்தது. மெஷினைத் தானே கொண்டுபோய்ச் செல்லமுத்துவின் வீட்டில் இறக்க வேண்டும். அவர் மனைவியின் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்துப் பேச வேண்டும். செல்லமுத்துவின் வீடு ஐந்து கிலோமீட்டர்.

சித்திரை வெயில் பன்னிரண்டு மணிக்கு என்ன செய்யும் என்று பெரம்பலூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிவண்ணன் தையல் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். ஏறி மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக முடியும். மிதிபலகை ஒவ்வொரு பள்ளத்துக்கும் டக்டக்கென்று ஆடியது. பருத்திக் காட்டில் வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் எதிரே வந்து, "சார், தையல் கடை போடப் போறீங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். மரியாதையாகக் கேட்டதுதான் வலித்தது.

செல்லமுத்து வீட்டுக்கு உள்ளேயே இருந்துகொண்டு வெளியே வர மறுத்தார். அவர் மனைவி கண்ணகி வெளியே வந்தார். மெஷினைப் பார்த்ததும் அந்தம்மாவின் கை தானாகப் போய்ச் சக்கரத்தைத் தொட்டது. மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். ஊசி ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணிவண்ணன் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பைச் சொல்லவே வாய்ப்பு கிடைக்கவில்லை. அந்த அம்மா உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தார், செல்லமுத்து வெளியே வந்தார். மணிவண்ணன் வெற்றிலைத் தட்டை நீட்டினார். செல்லமுத்து வாங்கிக்கொண்டார், ஆனால் சிரிக்கவில்லை.

"கலியாணப் பொண்ணு ரவிக்கை எல்லாம் நானே தெச்சுத் தரேன்" என்றார் கண்ணகி.

வேண்டாம் என்று சொல்ல மணிவண்ணனுக்கு வாய் வந்தது. வாங்கிக்கொள்ள வேண்டும், கேட்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து, சரி என்றார்.

அன்று சாயங்காலம் வீரம்மாளிடமிருந்து கடைசி உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க மணிவண்ணன் ஊரில் இருக்கக் கூடாது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போய்க் கல்யாணப் பட்டு எடுக்க வேண்டும். இருட்டுகிற நேரத்துக்கு வந்தால் போதும். கிளம்பும்போது மணிவண்ணன் ராசாங்கத்திடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"எது வந்தாலும் வாங்கி வைங்க. யாரையும் ஒரு வார்த்தை கேக்காதீங்க."

பட்டுப் புடவை எடுக்கும்போது மணிவண்ணன் கண்ணில் புடவையே படவில்லை. எந்தப் புடவையைக் காட்டினாலும் சிமென்ட் நிறமாகவே தெரிந்தது. பாக்யலட்சுமியும் கலையரசியும் தங்களுக்குப் பிடித்ததை எடுத்தார்கள். அந்த வகையில் அது நல்ல ஜவுளி எடுப்புதான்.

மாலை ஆறு மணிக்கு டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணிவண்ணன் நடக்கவில்லை, ஓடினார். வீட்டின் முன்னால், கீழே பலகை போட்டு, மேலே தார்ப்பாய் மூடி, ஒரு அடுக்கு. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். சிமென்ட். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினார். எண்பது. மறுபடியும் எண்ணினார். எண்பதேதான். அங்கேயே நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப வந்துச்சு?" என்றார் ராசாங்கத்திடம்.

"மிக்ஸர் பேசப் போயிட்டு வந்தேன், அடுக்கி வெச்சிருந்தாங்க. எதுல வந்துச்சுன்னு தெரியாது. கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மிக்ஸர் ஓட ஆரம்பித்தது. கூடையில் கலவை கை மாறிக் கை மாறி மேலே போயிற்று. ராசாங்கமும் அவர் ஆட்களும் நிற்காமல் வேலை செய்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசிக் கூடை விழுந்தது. பாக்யலட்சுமி முப்பது பேருக்குக் கறிசோறு போட்டாள். கலையரசி புதுக் கான்கிரீட்டின் ஓரத்தில் போட்ட பலகையில் ஏறி நின்று கீழே பார்த்தாள். மகள் தலைக்கு மேலே இல்லாவிட்டாலும் காலுக்குக் கீழேயாவது கூரை வந்துவிட்டது என்று மணிவண்ணன் நினைத்துக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். முதல் பந்தியில், ஸ்டிரைக்கை மீறி ஒரு லாரி வந்தது என்று சொன்னார். இரண்டாவது பந்தியில், செந்துறை வழியாக மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு வந்தது என்றார். மூன்றாவது பந்தியில் ஸ்டிரைக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, திருமழபாடிக்குப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பி வந்தது என்றார். அதற்குத்தான் முதலில் மாட்டு வண்டியில் தெற்கே ஓட்டியது, இது ராணுவத்தில் செய்கிற தந்திரம் என்று விளக்கினார். அய்யாக்கண்ணு பக்கத்து இலையில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"எப்பேர்ப்பட்ட பொம்பள" என்றார் மணிவண்ணன். "நான் அஞ்சு தடவை கெடுத்தேன். ஆறு தடவை சரி பண்ணாங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. நாட்டுல ஒரு லாரி ஓடல, அவங்க வண்டி மட்டும் ஓடிச்சு."

இதை அவர் மனதாரத்தான் சொன்னார். கேள்வி கேட்காமல் இருப்பதற்குக் கூட ஒரு திறமை வேண்டும், அதை அந்தம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன் என்றும் சொன்னார். பாக்யலட்சுமி அதைக் கேட்டுக் கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள்.

வெறும் வாயால் நன்றி சொன்னால் போதாது என்று அவருக்குத் தோன்றியது. அந்தம்மா காசு வாங்க மாட்டார். புடவை கொடுத்தால் அதையும் யாருக்காவது மாற்றிவிடுவார். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இத்தனை தூரம் வந்து தன் மானத்தைக் காப்பாற்றிய வண்டிக்கு ஒரு மரியாதை செய்துவிட வேண்டும். சந்தனம், குங்குமம், கற்பூரம், சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க நாலு எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்குக் குன்னம் போனார்.

தகரக் கொட்டகை பூட்டியிருந்தது. வீரம்மாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். பரவாயில்லை, வண்டி எங்காவது நிற்கும்தானே என்று வாசலில் பூக்கடை வைத்திருந்த பொன்னாயியிடம் போனார். அவள்தான் நாள் முழுக்க அந்தக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருப்பவள். உள்ளே பேசுகிற ஒவ்வொரு போனும் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

"மாலை வேணும்மா" என்றார் மணிவண்ணன். "நல்லாப் பெருசா, கதம்பமாக் கட்டு. முன்னாடி கண்ணாடி முழுக்கத் தொங்கணும்."

பொன்னாயி நாரை எடுத்துக்கொண்டே, என்ன வண்டிக்கு, லாரிக்கா, மூன்று சக்கர மினிடோருக்கா, அளவு தெரிந்தால்தான் கட்ட முடியும் என்று கேட்டாள்.

"வீரம்மா வண்டிக்குத்தான். அரியலூர்லேருந்து என் சிமென்ட்டக் கொண்டு வந்த வண்டி. அளவு உனக்குத்தான் தெரியும், தினமும் பாக்குறியே."

பொன்னாயியின் கை நின்றது. நாரைக் கூடையில் போட்டுவிட்டு மணிவண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீரம்மாக்கா கிட்ட வண்டி ஏதுங்க சார், உங்க பக்கத்து வூட்டு அய்யாக்கண்ணு கொட்டாயில திருமழபாடிக்காரரு சிமென்ட்டு எண்பது மூட்டை செல்லமுத்து மேஸ்திரி பூட்டுக்குள்ள ஒரு மாசமா சும்மாதானே கெடந்துச்சு!"